தோட்டப்புற நோயாளரும் குழாய்வழி ஊட்டமும்
சப்பிரகமுவப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றதும் எமது நினைவுக்கு வருவன செயற்கைச் சுவாசக் கருவியும், இதயத் துடிப்பைக் காட்டும் திரையும், விலையுயர்ந்த மருந்துகளுமே. நோயாளியின் மூக்கினூடாக இரைப்பையைச் சென்றடையும் மெல்லிய குழாயும், அதனூடாகச் செலுத்தப்படும் உணவும் பெரும்பாலும் எமது கவனத்திற்கு வருவதில்லை. ஆயினும், நீண்டகாலப் பசியினால் நலிந்த உடலுடன் வைத்தியசாலைக்கு வந்துசேரும் ஒருவரைப் பொறுத்தவரையில், இயந்திரங்களுக்கு நிகரான முக்கியத்துவம் இவ்வுணவுக்கும் உண்டு. அது கிடையாதவிடத்து நோயாளி மேலும் நலிகின்றார். அளவறியாது கொடுக்கப்படுமிடத்து அதுவே அவரது உயிருக்கு ஊறாகின்றது. மலிவான ஊட்டம் என்பது நீர்த்த கஞ்சியன்று, அளந்து, தூய்மையாக, படிப்படியாகக் கொடுக்கப்படும் ஊட்டமே என்பதையும், அத்தகைய ஊட்டத்தை எமது நாட்டின் வளங்களைக் கொண்டே அமைத்துக்கொள்ள முடியும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

1. பின்னணி

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் நுவரெலியாத் தோட்டங்களினின்றும் ஒரு வகையில் வேறுபட்டவை. நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மலை முழுவதும் பரந்துள்ளன. இங்கோ, தெரணியகல, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை முதலிய பகுதிகளில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. இத்தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் தாம் வாழும் மாவட்டத்தில் எண்ணிக்கையிற் சிறியோர். அரசியற் பலமும், தமது மொழியிற் பொதுச் சேவைகளைப் பெறும் வாய்ப்பும் அவர்களுக்கு அந்த அளவிற் குறைவாகும்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென முதலிற் சட்டம் இயற்றப்பட்டது 1872ஆம் ஆண்டிலாகும். அச்சட்டத்தின் நோக்கம் தொழிலாளரின் நல்வாழ்வு என்பதிலும் பார்க்க உழைப்பின் தொடர்ச்சி என்பதே பொருந்தும். மருந்துக்கு ஓர் ஏற்பாடு உருவாயிற்று; உணவோ கூலியின் பிரச்சினையாகவே விடப்பட்டது. மருந்தும் உணவும் இவ்வாறு பிரிக்கப்பட்டமையின் விளைவை இன்றும் நாம் காண்கின்றோம்.

1972ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானமையும் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவை. ஆயினும் அதே காலப்பகுதியில், உணவுப் பங்கீடு வெட்டப்பட்டு வேலை நாட்களும் குறைந்தபோது, 1973-74இல் தோட்டங்களைப் பட்டினி சூழ்ந்தது. தோட்டங்களின் இறப்புவீதம் 1974இல் வெகுவாக உயர்ந்தது. சப்பிரகமுவத் தோட்டங்களினின்றும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல வன்னிப் பகுதியைச் சென்றடைந்தன.

அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் ஏற்றத்தாழ்வு மறையவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேராக இருந்தனர். 2021 மார்ச் மாதத்தில் நாட்கூலி 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே பொருளாதார நெருக்கடி மூண்டது; 2022 செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94ஐத் தாண்டியது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீருமாக நாளைக் கழிக்கும் ஒரு குடும்பத்திற் பருப்பும் முட்டையும் பாலும் எந்த அளவிற்கு இடம்பெற்றிருக்கும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. சிறுபராயத்திற் குறுகிய உடல், உழைக்கும் பராயத்திலும் மெலிந்த உடலாகவே தொடருகின்றது. அவ்வுடலே ஒருநாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலுக்கு வருகின்றது.

2. நோயும் நலிவும்

இப்பிரதேசத்தில் ஒருவரை அக்கட்டிலுக்குக் கொண்டுசேர்க்கும் காரணங்கள் பல. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் எலிக்காய்ச்சல் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களுட் சேர்ந்தவை. கடுமையான எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் ஒருங்கே தாக்கவல்லது. டெங்கு, நியுமோனியா, பாம்புக்கடி, பூச்சிநாசினி நஞ்சு, மண்சரிவிலும் வீதியிலும் ஏற்படும் காயங்கள் ஆகியனவும் உள. இந்நோயாளருட் பலர் மயக்கத்திலோ சுவாசக் கருவியிலோ இருப்பவர்கள். வாயால் உண்ண இயலாதவர்கள்.

கடும் நோயின்போது உடல் தன்னைத்தானே உண்ணத் தொடங்குகின்றது. சாதாரண பட்டினியின்போது உடல் முதலிற் கொழுப்பைச் செலவிட்டுத் தசையைக் காத்துக்கொள்ள முயல்கின்றது. கடும் தொற்றின்போதோ இக்காப்பு தளர்ந்துவிட, தசைப் புரதம் நாள்தோறும் கரைகின்றது. விலா எலும்பிடைத் தசைகளும் பிரிமென்றகடும் நலிவடையவே, சுவாசக் கருவியினின்றும் நோயாளியை விடுவித்தல் கடினமாகின்றது. காயங்கள் ஆறத் தாமதிக்கின்றன. புதிய தொற்றுக்கள் தொடருகின்றன. தசைச் சேமிப்பு நிறைந்த ஒருவர் இந்த இழப்பைச் சில நாட்கள் தாங்குவார். ஏற்கெனவே 38 அல்லது 40 கிலோகிராம் நிறையுடன் வந்த ஒருவருக்கு அத்தகைய இருப்புக் கிடையாது.

3. குழாயின் வரலாறு

விழுங்க இயலாதவருக்குக் குழாய்வழி உணவூட்டும் முறை புதியதன்று. 1790இல் இலண்டன் சத்திரசிகிச்சையாளர் ஜோன் ஹன்ரர், விலாங்கு மீனின் தோலைத் திமிங்கில எலும்பின்மீது போர்த்திக் குழாயாக்கி, விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒரு நோயாளிக்கு உணவூட்டினார். இன்று எமது வைத்தியசாலைகளில் ‘ரைல்ஸ் ரியூப்’ என வழங்கும் குழாய், ஜோன் அல்பிரட் ரைல் என்பவர் 1921இல் விவரித்த குழாயின் வழிவந்ததாகும். இரைப்பைச் சாற்றைச் சிறிது சிறிதாக எடுத்து ஆராய்வதற்கே அவர் அதனைப் பயன்படுத்தினார்.

அதே ரைல் 1943இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் முதலாவது சமூக மருத்துவப் பேராசிரியரானார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இரைப்பை நோயை ஆராய்ந்த அவர், நோயாளியின் தொழில், குடியிருப்பு, வருவாய் ஆகியவற்றையும் நோயின் காரணிகளாகக் கொண்டு ஆராயவேண்டும் என்ற நிலைப்பாட்டிற்கு வந்தார். எமது விடயத்திலும் இவ்விரு நோக்குகளையும் பிரித்தல் இயலாது.

குழாய் மலிவானது. அதனை இடுவதற்குப் பயிற்சி பெற்ற கையும், அது நுரையீரலுக்குச் செல்லாது இரைப்பையைச் சென்றடைந்தது என்பதை உறுதிப்படுத்தும் வழியும் வேண்டும். குடல் இயங்குமாயின் நாளத்தினூடாக ஊட்டுவதிலும் குடலினூடாக ஊட்டுவதே சிறந்தது. செலவும் மிகக் குறைவு. குருதியோட்டம் ஓரளவு நிலைபெற்றபின், 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் இவ்வூட்டத்தைத் தொடங்கவேண்டுமென அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களின் 2016, 2019ஆம் ஆண்டு வழிகாட்டிகள் கூறுகின்றன.

4. ஊட்டமே ஊறாகும் நிலை

பட்டினி கிடந்தவனுக்கு நிறைய உணவு கொடுக்கவேண்டும் என்பது இயல்பான மனிதநேய உணர்வு. ஆனால் இவ்விடத்தில் அவ்வுணர்வு வழிதவறக்கூடும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், சிறை முகாம்களினின்றும் விடுவிக்கப்பட்ட பட்டினியாளருட் சிலர், உணவு கிடைத்தபின்னரே இறந்தனர். இந்நிலையை மீளூட்ட நோய்நிலை எனலாம்.

இதன் பொறிமுறை பின்வருமாறு. பட்டினியின்போது இன்சுலின் சுரப்புத் தாழ்ந்திருக்கும்; உடல் கொழுப்பை எரித்து வாழும்; கலங்களில் உள்ள பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் ஆகியன மெல்லக் குறைந்துவிடும். குருதியில் அவற்றின் அளவு மட்டும் ஓரளவு வழமைபோற் காணப்படும். திடீரெனக் காபோவைதரேற்று நிறைந்த உணவு வந்ததும் இன்சுலின் உயருகின்றது. குளுக்கோசுடன் பொஸ்பேற்றும் பொற்றாசியமும் மக்னீசியமும் கலங்களுட் பாய்கின்றன. குருதியில் அவை சடுதியாகத் தாழ்கின்றன. அதன் விளைவாக இதயத்தின் ஒழுங்கு குலையலாம். சுவாசத் தசை வலுவிழக்கலாம். குளுக்கோசைப் பயன்படுத்துதற்கு இன்றியமையாத தயமின் என்னும் உயிர்ச்சத்து ‘பி 1’ ஏற்கெனவே குறைந்திருப்பின் மூளையும் பாதிப்புறும்.

ஆதலின் ஆபத்து மிகுந்த நோயாளிக்கு நாளொன்றுக்கு உடல்நிறையின் கிலோகிராமுக்கு 10 கிலோகலோரிக்கு மேற்படாது தொடங்கி, 4 முதல் 7 நாட்களில் உயர்த்தவேண்டுமென்றும், உணவு தொடங்குமுன்னரே தயமின் கொடுக்கவேண்டுமென்றும் பிரித்தானிய வழிகாட்டி 2006இல் விதந்துரைத்தது. 40 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு இது முதல் நாளில் 400 கிலோகலோரி மாத்திரமே. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 339 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, ஊட்டம் தொடங்கியபின் பொஸ்பேற்றுத் தாழ்ந்த நோயாளருக்குக் கலோரியைக் கட்டுப்படுத்தியமை 60 நாள் உயிர்வாழ்வை மேம்படுத்தியதாகக் கண்டது. பிரான்சில் 3,000க்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வும், முதல் வாரத்திற் குறைந்த ஊட்டம் பெற்றோரின் இறப்பு மிகவில்லை என்றும், அவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவினின்றும் வெளியேறும் நிலையை விரைந்து எய்தினர் என்றும் காட்டியது. முதல் வாரத்தில் மெதுவாக ஊட்டுதல் வறுமையினால் ஏற்கும் சமரசமன்று. அதுவே நல்ல மருத்துவமுமாகும். வறிய வைத்தியசாலைக்கு இச்செய்தி ஆறுதலளிப்பது.

ஆபத்து மிகுந்தவர் யார் என்பதை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எழுந்து நிற்கவியலாத நோயாளியை நிறுப்பது கடினம். மேற்புயத்தின் நடுச் சுற்றளவை நாடாவினால் அளப்பது எளிது. அது 23.5 சென்ரிமீற்றருக்குக் குறையின் உடற்றிணிவுச் சுட்டி 20க்குக் கீழ் இருத்தல் கூடும். இதனுடன் சில வினாக்களும் வேண்டும்: எத்தனை நாட்களாக உண்ணவில்லை? அண்மையில் உடல் மெலிந்ததா? மதுப்பழக்கம் உண்டா? இவ்வினாக்களைத் தமிழ் மட்டுமே அறிந்த தாயிடமோ மனைவியிடமோ அவர்களது மொழியிற் கேட்டறியும் ஒருவர் இல்லாவிடின், ‘ஐந்து நாட்களாக வெறுந் தேநீர்தான்’ என்ற தகவல் நோயாளியின் ஏட்டிற் பதிவாகாது போகும். மொழியுரிமை என்பது அலுவலகப் படிவத்தின் பிரச்சினை மாத்திரமன்று; சில வேளைகளில் அது பொஸ்பேற்றின் பிரச்சினையுமாகும்.

5. மலிவான ஊட்டம்: கணக்கும் முறையும்

தகரத்தில் அடைத்துவரும் வணிக ஊட்டமாக்கள் அளவு நிர்ணயிக்கப்பட்டவை, வசதியானவை. ஆனால் அவற்றின் விலை அந்நியச் செலாவணியுடன் பிணைந்தது. இருப்பு இல்லாதவிடத்து நோயாளியின் குடும்பமே வெளியில் வாங்கவேண்டிய நிலை தோன்றும். நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது இயலாத காரியம். அதற்கு மாற்றாகக் கைக்கெட்டுவது கஞ்சியே. கஞ்சி எமது பண்பாட்டில் நோயாளிக்குரிய உணவு. ஆயினும் குழாயினுள் இறங்குமளவிற்கு அதனை நீர்க்கச் செய்தால் எஞ்சுவது என்ன? ஒரு லீற்றரில் 50 கிராம் அரிசி கரைந்த கஞ்சியில் ஏறத்தாழ 175 கிலோகலோரியும் 3.5 கிராம் புரதமுமே உள. 40 கிலோகிராம் நிறையுடைய ஒருவரின் நாளாந்தப் புரதத் தேவையைக் கிலோகிராமுக்கு 1.2 கிராம் எனக் கொண்டால் அது 48 கிராமாகும். அதனைக் கஞ்சியினாற் பெறுவதாயின் 13 லீற்றருக்கு மேற் செலுத்தவேண்டும். இது நடவாத காரியம் என்பது வெளிப்படை.

கடும் மந்தபோசணையுற்ற பிள்ளைகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட கைந்நூல் இவ்விடத்தில் வழிகாட்டுகின்றது. ‘எவ்-75’ என்னும் தொடக்கப் பாலும் ‘எவ்-100’ என்னும் தொடர்பாலும் ஆடைநீக்கிய பால்மா, சீனி, எண்ணெய், தானிய மா, கனியுப்புக் கலவை, உயிர்ச்சத்துக் கலவை ஆகியவற்றைக் கொண்டு சமையற்கூடத்திலேயே தயாரிக்கத்தக்கவை. 100 மில்லிலீற்றரில் முன்னையது 75 கிலோகலோரியும் பின்னையது 100 கிலோகலோரியும் தருவன. முதலிற் குறைவாகவும் பின்னர் மிகுதியாகவும் என்ற தத்துவம் வளர்ந்தோருக்கும் பொருந்தும். ஆயின் புரத அளவு மாற்றியமைக்கப்படல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 100 கிராம் ஆடைநீக்கிய பால்மா, 50 கிராம் சீனி, 40 கிராம் எண்ணெய், 30 கிராம் தானிய மா ஆகியவற்றை வேகவைத்து ஒரு லீற்றராக்கினால் ஏறத்தாழ 1,000 கிலோகலோரியும் 38 கிராம் புரதமும் கிடைக்கும். நன்கு வெந்த மூன்று முட்டை வெள்ளைக்கருக்களை அரைத்துச் சேர்ப்பின் புரதம் 48 கிராமை அண்மிக்கும். இது பரிந்துரையன்று, சந்தைப் பொருள்களால் இத்தேவையை எட்டலாம் என்பதைக் காட்டும் கணக்கு மாத்திரமே. பாலின் இலக்ரோசு ஒவ்வாது வயிற்றுப்போக்கு ஏற்படுவோருக்குச் சோயாவை நாடவேண்டும். எலிக்காய்ச்சலினாற் சிறுநீரகம் செயலிழந்தோருக்குக் கனியுப்புக்களையும் புரதத்தையும் வைத்தியரே நிர்ணயிக்கவேண்டும். மிகுபுரதம் சிறுநீரகம் பழுதடைந்த நோயாளருக்குத் தீங்கு பயக்கலாமென 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று எச்சரித்துள்ளது.

அடுத்து எழும் இடர் தடிப்பு. தானிய மா வெந்ததும் கூழாகித் தடிக்கின்றது, குழாய் அடைபடுகின்றது, உடனே நீர் சேர்க்கப்படுகின்றது, சத்துக் குறைகின்றது. இதற்கான தீர்வு எமது பாட்டிமாரின் கைப்பழக்கத்திலேயே உண்டு. குரக்கனையோ பயற்றையோ முளைகட்டி உலர்த்தி அரைக்குமிடத்து, முளைப்பின்போது தோன்றும் அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளைச் சிதைக்கவல்லதாகின்றது. வெந்து இளஞ்சூடாக ஆறிய தடித்த கூழில் இம்மாவினை ஒரு சிறிதளவு கலந்தால் கூழ் சில நிமிடங்களில் நீர்மமாகிவிடும், சத்தோ குறையாது. பரோடாவில் தாரா கோபால்தாசும் அவருடன் பணியாற்றியோரும் 1980களில் பிள்ளைகளின் உணவு தொடர்பாக இதனை விரிவாக ஆராய்ந்தனர். முளைமாவினைச் சேர்த்தபின் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்தல் கிருமிநீக்கத்திற்கு அவசியமாகும்.

தூய்மையே எல்லாவற்றிலும் கடினமான நிபந்தனை. பிலிப்பைன்சு வைத்தியசாலைகளில் அரைத்துத் தயாரித்த குழாயுணவுகளை ஆராய்ந்து 2001, 2004ஆம் ஆண்டுகளில் வெளியிடப்பட்ட ஆய்வுகள், அவற்றிற் கிருமிகள் மிகுந்திருந்ததையும், சத்தின் அளவு எதிர்பார்த்ததினின்றும் பெரிதும் வேறுபட்டதையும் வெளிப்படுத்தின. கலோரி குறைந்த உணவை அறியாது கொடுப்பதும், கிருமி நிறைந்த உணவை நலிந்த குடலினுட் செலுத்துவதும் மலிவு ஆகா. எனவே தராசு, கொதித்த நீர், மூடிய பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி, தயாரித்த நேரத்தைக் குறிக்கும் சீட்டு ஆகியன வேண்டும். வெளியில் வைத்த உணவு இரண்டு மணித்தியாலத்தைக் கடக்கலாகாது. ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கவேண்டும். ஊட்டியபின் குழாயை நீரினாற் கழுவவேண்டும். மின்பம்பி இல்லாதவிடத்துப் புவியீர்ப்பினாலோ ஊசிக்குழலினாலோ சிறுசிறு அளவாகக் கொடுக்கலாம்.

6. முன்னுதாரணங்கள்

இவ்வாறான ஏற்பாடு எமது நாட்டிற்கு இயலாததா? சப்பிரகமுவவின் வரலாறே விடையளிக்கின்றது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். கேகாலை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. அங்கு நிவாரணப் பணியாற்றிய சூரியமல் இயக்கத்தினர், காய்ச்சலுக்குப் பலியாவோர் பெரும்பாலும் பசியால் நலிந்தோரே என்பதைக் கண்டனர். குயினைனுடன், பி வகை உயிர்ச்சத்துக்கள் நிறைந்த மாமைற்றையும் உருண்டைகளாக்கி வழங்கினர். மருந்தையும் உணவையும் பிரிக்கலாகாது என்பதை அவர்கள் நடைமுறையிற் காட்டினர். அப்பணியில் ஈடுபட்ட என். எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியினின்றும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அதே பணியில் முன்னின்ற வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் தயாரித்த அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. வணிகப் பெயர்களைத் தவிர்த்து, தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, ஒருங்கே கொள்வனவு செய்வதனால் விலையைக் குறைக்கலாம் என்பதை அது நிலைநாட்டியது. 1973இல், தோட்டங்களிற் பட்டினி சூழ்ந்த அதே காலத்தில், சோளத்தையும் சோயாவையும் அடிப்படையாகக் கொண்ட திரிபோஷா தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்படலாயிற்று. திரிபோஷா குழாய்வழி ஊட்டத்திற்கென ஆக்கப்பட்டதன்று. 2022 நெருக்கடியின்போது மூலப்பொருட் தட்டுப்பாட்டினால் அதன் உற்பத்தியும் பாதிப்புற்றது. ஆயினும் சத்துமாவொன்றைப் பொதுத்துறையில் நாடளாவிய அளவில் உற்பத்தி செய்யும் ஆற்றல் எமக்குண்டு என்பதற்கு அது சான்றாகும். மருந்துக்குப் பிபிலே வகுத்த தத்துவத்தை ஊட்டத்திற்கும் விரித்தல் தர்க்கரீதியான அடுத்த படியாகும்.

7. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து நான்கு விடயங்கள் வலியுறுத்தற்பாலன. முதலாவது, தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்படும் ஒவ்வொருவரது மேற்புயச் சுற்றளவும் உணவு வரலாறும் முதல் நாளிலேயே, நோயாளியின் குடும்பம் பேசும் மொழியிற் கேட்டறிந்து, பதியப்படல் வேண்டும். இரண்டாவது, தயமினும், பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் ஆகியவற்றை அளக்கும் வசதியும், அவற்றை ஈடுசெய்யும் மருந்துகளும் இடையறாது கிடைத்தல் வேண்டும். அவையின்றி உணவு மட்டும் மலிவாவதிற் பயனில்லை. மூன்றாவது, இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகள் போன்றவற்றில், போசணையியலாளர் ஒருவரின் பொறுப்பில், நிறுத்து அளந்து ஊட்டம் தயாரிக்கும் தனிச் சமையற்கூடம் அமைதல் வேண்டும். நான்காவது, குழாய்வழி ஊட்டத்திற்குரிய நியம மாவொன்றைப் பொதுத்துறை உற்பத்தி செய்தல் வேண்டும்.

இவை அனைத்தும் நிறைவேறினும், குழாய் ஊட்டுவது சில வாரங்களுக்கே. உயிர்தப்பிய தொழிலாளி மீண்டும் லயத்துக் காம்பராவிற்கே செல்கின்றார்; அதே கூலிக்கும் அதே ரொட்டிக்குமே திரும்புகின்றார். அவரது மேற்புயத்தைச் சுற்றிய நாடா வைத்தியசாலைக்கு ஓர் எண்ணைத் தருகின்றது. அவ்வெண் தோட்ட நிருவாகத்திற்கும், ஊதியத்தை நிர்ணயிப்போருக்கும், அரசிற்கும் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்படும் ஒரு கணக்காகவும் ஆதல் வேண்டும். அக்கணக்கைத் தொகுப்பது மருத்துவரின் பணி மாத்திரமன்று. பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் பொருளியலும் தமிழும் பயில்வோரின் பணியுமாகும்.